ஊர்ல இருந்து வந்த அப்பாவை நச்சூசா புல்வெளிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கரிசல்காட்டான் (நேப்பர்வில்)

எல்லாருக்கும் வணக்கம். நான் சிகாகோ பக்கம் நேப்பர்வில்ல இருக்கேன். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து ரெண்டு மாசம் ஆச்சு, அக்டோபர் கடைசியில திரும்புறாங்க. டவுன்டவுன், நயாகரா, அரோரா பாலாஜி கோவில், லெமான்ட் கோவில் எல்லாம் முடிச்சாச்சு. அம்மாவுக்கு வாராவாரம் காஸ்ட்கோ போனாலே போதும், பிரச்சினை அப்பாதான். கோவில்பட்டி பக்கம் மானாவாரி விவசாயி, 68 வயசு, கம்பு சோளம் உளுந்து பருத்தின்னு வாழ்க்கையே கரிசல்ல போனவரு. இங்க வந்ததுல இருந்து பால்கனியில உக்காந்து எதிர்வீட்டுக்காரன் புல்லு வெட்டுறதையே பாத்துட்டு இருக்காரு. "ஏம்ல, மாட்டுக்கும் போடல, விக்கவும் இல்ல, வாராவாரம் வெட்டி பையில கட்டி ரோட்டுல வைக்கான், இவனுக்கு என்ன கோட்டியா"ன்னு கேக்குறாரு, நான் என்னத்த சொல்ல.

போன வாரம் ஐ-88 ஹைவேல டீகேல்ப் ஊரு வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு போனோம், ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, மக்காச்சோளம், சோயா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் அதான். ஒரு இடத்துல கார நிறுத்தச் சொல்லி இறங்கி மண்ண கையில எடுத்து பாத்தாரு. கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. "இவனுங்க உழுறதுக்கு முன்னாடி இங்க என்னடா இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. பதினொரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், தெருப் பேருல இருந்து ஸ்கூல் பேரு வரைக்கும் பிரெய்ரி பிரெய்ரின்னு போட்டிருக்கான், அப்படின்னா இயற்கையான புல்வெளியாம், நான் ஒரு பிரெய்ரிய பாத்ததே இல்ல.

தேடுனப்ப நச்சூசா கிராஸ்லேண்ட்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, டிக்சன் பக்கத்துல. பைசன், அதான் அமெரிக்கக் காட்டு மாடு, இருக்குன்னு போட்டிருக்கான். யாராவது போயிருக்கீங்களா? பைசன் கண்ணுல படுமா? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. உண்ணி பயம் வேற. செப்டம்பர் ஆரம்பத்துல வர்ற லேபர் டே லீவு வீக்கெண்ட்ல போகலாமா?


ஷாம்பர்க் சாம்பார்

ப்ரோ நாங்க போன வருஷம் ஜூலைல போனோம், சொந்தக்காரங்களோட ரெண்டு கார்ல. உண்மைய சொன்னா வெறும் புல்லு. மத்தியானம் ஒரு மணிக்குப் போய் இறங்கினோம், மண்டைய பொளக்குற வெயில், நிழலுக்கு ஒரு கொட்டகை, அவ்ளோதான். பைசன் எங்கேயோ மேட்டுக்கு அந்தாண்ட போயிடுச்சு போல, ஒண்ணு கூட காணோம். பசங்க ஜூவுக்கு வந்த மாதிரி நெனச்சிட்டு வந்து ஒரே அழுகை. மச்சான் ஷார்ட்ஸ் போட்டுட்டு புல்லுக்குள்ள போய் கால்ல மூணு உண்ணியோட வந்தான். எதையும் படிக்காம போனது எங்க தப்புதான், ஆனாலும் ஒன்றரை மணி நேரம் டிரைவ் பண்ணி புல்லு பாக்கணுமான்னு யோசிச்சுக்கோங்க. ஸ்டார்வ்டு ராக் போனா பாறை, அருவின்னு ஃபோட்டோவாவது நல்லா வரும்.


விதைப்பை

சாம்பார் சொல்றது சரிதான், பைசன பாக்கணும்னு மட்டும் போனா பாதி பேரு ஏமாந்துதான் வருவாங்க. ஆனா கரிசல்காட்டான், உங்க அப்பா கேட்ட கேள்விக்கு அந்த இடம்தான் பதிலு. நான் அங்க எட்டு வருஷமா சனிக்கிழமை வாலண்டியர் வேலைக்குப் போறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

இலினாய்ல 200 வருஷத்துக்கு முன்னாடி ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் உயரப்புல் பிரெய்ரி இருந்துச்சு, மாநிலத்துல பாதிக்கு மேல. இப்ப உழாம மிஞ்சினது ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல. கல்லறைத் தோட்டத்து ஓரம், ரயில் ரோட்டு ஓரம், கலப்பை இறங்காத பாறை மேடு, இப்படி துண்டு துண்டா நிக்குது. நச்சூசால அப்படி மணற்பாறை மேடுகள் இருந்ததாலதான் அங்கங்க கொஞ்சம் தப்பிச்சுது. 1986ல நேச்சர் கன்சர்வன்சிங்குற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு முதல் துண்டு நிலத்த வாங்கிச்சு, அப்புறம் பக்கத்துல இருந்த சோள வயல், சோயா வயல் எல்லாம் ஒவ்வொண்ணா வாங்கி இப்ப சுமார் 4,000 ஏக்கர். நீங்க பாக்கப்போறதுல பெரும்பகுதி ஒரு காலத்துல மக்காச்சோளக் கொல்லை. அதுல கையால விதை பொறுக்கி வெதச்சு வந்ததுதான் இப்ப நிக்குற புல்லும் பூவும்.

விதை பொறுக்குறதுன்னா உங்க அப்பாவுக்குப் புரியும். மே மாசத்துல இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும், எந்தச் செடி எப்ப முத்துதோ அப்ப போய் வாளிய இடுப்புல கட்டிக்கிட்டு உருவுறது. சிலது தொட்டாலே கொட்டிடும், சிலது கத்தரிச்சு எடுக்கணும், சிலது முள்ளு. கொண்டு வந்து காயப்போட்டு, அரைச்சு சலிச்சு, ஒரு வயலுக்கு நூறு வகைக்கு மேல ஒண்ணா கலந்து, குளிர்காலம் வர்றப்ப தூவி விட்டுடுவோம். பனி விழுந்து உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகி அதுவே மண்ணுக்குள்ள அமுக்கிடும். மொதல் ரெண்டு வருஷம் வந்து பாத்தா வெறும் களைதான் தெரியும், இதுக்கா இவ்ளோ பாடுபட்டோம்னு வயிறு எரியும். ஏன்னா செடி எல்லாம் மேல வளராம கீழ வேர விட்டுட்டு இருக்கும். காம்பஸ் பிளான்ட்டுன்னு ஒண்ணு, அதோட வேரு 15 அடி வரைக்கும் போகும்னு சொல்வாங்க, பூக்குறதுக்கே பல வருஷம் எடுத்துக்கும். இலை வடக்கு தெற்கா பாத்து நிக்கும், மத்தியான வெயில் முகத்துல அடிக்காம இருக்க அதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு.

பிக் புளூஸ்டெம்னு ஒரு புல்லு, உங்க அப்பா பாத்த உடனே சோளத்தட்டைன்னு சொல்வாரு பாருங்க. சொன்னா தப்பே இல்ல, சோளம், கரும்பு, மக்காச்சோளம், நம்ம வெட்டிவேர், எல்லாம் அந்தப் புல்லோட பங்காளிங்கதான், ஒரே கிளை. கதிரு மூணா பிரிஞ்சு வான்கோழிக் காலு மாதிரி இருக்கும். லேபர் டே சமயத்துல ஆள் உயரத்துக்கு மேல நிக்கும்.

இன்னொண்ணு. நச்சூசால இருந்து கொஞ்ச தூரத்துல ராக் ஆத்தங்கரையில கிராண்ட் டீட்டூர்னு ஒரு குட்டி ஊரு. ஜான் டியர்னு ஒரு கொல்லரு 1837ல உடைஞ்ச ரம்பத் தகட்ட வச்சு ஸ்டீல் கலப்பை செஞ்சது அங்கதான். அதுக்கு முன்னாடி இருந்த வார்ப்பிரும்புக் கலப்பையில இந்தக் களிமண்ணு அப்பிக்கும், பத்தடிக்கு ஒரு தடவ நின்னு சுரண்டணும். இவரு கலப்பையில மண்ணு தானா வழுக்கி விழுந்துடும். அவ்ளோதான், அடுத்த அம்பது அறுபது வருஷத்துல பிரெய்ரி காலி. அந்தப் பட்டறை இருந்த இடத்த இப்ப மியூசியமா வச்சிருக்காங்க. காலையில புல்வெளி, மத்தியானம் கலப்பைன்னு ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துடலாம், உங்க அப்பாவுக்கு இத விட நல்ல டூர் இந்த மாநிலத்துல கிடையாது.


லைல் அக்கா

அம்மாவுக்கு முட்டி வலின்னா தம்பி, நச்சூசா கொஞ்சம் கஷ்டம்ப்பா. அங்க பாதைன்னு பெருசா கிடையாது, மேடு பள்ளம், எலி வளை, காலு மடங்கிடும். கொட்டகைகிட்ட ஒரு நாற்காலி போட்டு அம்மாவ உக்கார வச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் நடங்க. இல்லன்னா வீட்டுப் பக்கத்துலயே இருக்கே, மார்டன் ஆர்போரீட்டம்னு பெரிய மரத் தோட்டம், அதுக்குள்ள மேற்குப் பக்கம் ஷூலன்பர்க் பிரெய்ரி. 1962ல ரே ஷூலன்பர்க்னு ஒருத்தரு பழைய பண்ணை நிலத்துல நாத்து நட்ட மாதிரி ஒவ்வொரு செடியா கையால நட்டு ஆரம்பிச்சது, நாட்டுலயே பழைய மீட்பு பிரெய்ரிகள்ல ஒண்ணு. சுத்திலும் ஓக் மரம், பாதை ஒழுங்கா இருக்கும், டிக்கெட் உண்டு. என் மாமியார கூட்டிட்டுப் போனப்ப தடி ஊனிட்டே ஒரு மணி நேரம் நடந்தாங்க.

பைசன் கட்டாயம் வேணும்னா பட்டேவியா ஃபெர்மிலேப்ல 1969ல இருந்தே மந்தை வச்சிருக்காங்க, அணு ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ள மாடு மேய்ற அதிசயம். கேட்ல ஐடி பாப்பாங்க, அப்பா அம்மா பாஸ்போர்ட்ட எடுத்துக்கோ, உள்ள விடுற விதிய அவங்க சைட்ல பாத்துட்டுப் போ.

உண்ணிக்கு நான் சொல்றது: வெள்ளை சாக்ஸ், முழு பேன்ட், பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகு. பாக்க கேவலமாதான் இருக்கும், பரவால்ல. துணிக்கு அடிக்கிற பெர்மெத்ரின் ஸ்பிரே மொத நாளே அடிச்சு காய வை, உடம்புல அடிச்சுடாத. வீட்டுக்கு வந்த உடனே குளிச்சு முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, காதுக்குப் பின்னாடி எல்லாம் பாக்கணும். வேட்டியோட கிளம்புறேன்னு அப்பா சொன்னா விட்றாத!


மசினகுடி மைந்தன்

ஒரு சின்ன திருத்தம், ஊர்ல இருந்து வந்தவங்ககிட்ட இத காட்டெருமைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க. முதுமலையில நாம காட்டெருமைன்னு சொல்றது வேற, அது மழமழன்னு கறுப்பா, காலுல வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். இது திமிலும் தாடியுமா கம்பளி போத்தின ஜந்து. ரெண்டும் மாட்டு ஜாதிதான், எருமையே கிடையாது.

அப்புறம் விதைப்பைகிட்ட ஒரு கேள்வி. அங்க வருஷா வருஷம் தீ வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். காட்டுக்குத் தீ வச்சா நம்ம ஊர்ல கேஸ் போடுவான், இவங்க காப்பாத்துறேன்னு சொல்லிட்டு கொளுத்துறாங்களே, அது என்ன கணக்கு?


விதைப்பை

நல்ல கேள்வி. நானும் மொத வருஷம் அங்க முதுகுல தண்ணி டேங்க் மாட்டிட்டு நின்னப்ப கை நடுங்குச்சு.

கணக்கு இதுதான். பிரெய்ரி புல்லோட உயிர் மண்ணுக்குக் கீழ இருக்கு. மேல காஞ்சு நிக்குறத கொளுத்துனா அதுக்கு முடி வெட்டுன மாதிரி. மரக்கன்னுக்கும் புதருக்கும் உயிர் மேல இருக்கு, அது கருகிடும். கொளுத்தாம விட்டா இந்த ஊரு மழைக்கு பத்து இருபது வருஷத்துல புல்வெளி புதராகி அப்புறம் காடாகிடும். மின்னல்ல பத்துனது கொஞ்சம், ஆனா பெரும்பாலும் பொட்டவாட்டமி, சாக் மாதிரி இங்க இருந்த பூர்வகுடி மக்கள் வேணும்னே கொளுத்திட்டு இருந்தாங்க, வேட்டைக்கு, மேய்ச்சலுக்கு, நடக்க வழிக்கு. வெள்ளக்காரன் வந்து அவங்கள விரட்டுனப்ப அந்த தீயும் நின்னு போச்சு. பக்கத்துல விஸ்கான்சின் மேடிசன்ல 1930கள்ல மீட்பு வேலை ஆரம்பிச்ச கர்டிஸ் பிரெய்ரிதான் உலகத்துலயே பழசு, தீ இல்லாம இது நடக்காதுன்னு 1940கள்ல அங்க சோதனை பண்ணி பாத்தாங்க.

ஓக் காட்டுக்கும் இதே கதைதான். பர் ஓக் பட்டை கார்க் மாதிரி தடியா இருக்கும், தீ அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா தீ நின்னு போச்சுன்னா கீழ நிழல் கட்டிடும், ஓக் கன்னு நிழல்ல வராது, தாத்தா மரம் மட்டும் நிக்கும், பேரன் இருக்க மாட்டான். இருநூறு வருஷத்து மரத்துக்குக் கீழ போய் பாத்தா அதோட கன்னு ஒண்ணு கூட இல்லாம பக்தார்ன் புதரா மண்டிக் கிடக்கும். இந்த பக்தார்ன் கதைய கேட்டா சிரிப்பீங்க, 1800கள்ல ஐரோப்பாவுல இருந்து வேலிக்குன்னு கொண்டு வந்து நட்டது. நம்ம ஊர்ல வேலிக்காத்தான்னு பேரு வச்சு கூப்பிட்டோமே ஒண்ண, அதே பொழப்பு, வேலிய காக்க வந்தது வயல தின்னுடுச்சு. வெட்டுனா நாலா துளிர்க்கும், அதனால வெட்டுன உடனே அடிக்கட்டையில மருந்து தடவணும். குளிர்காலத்துல என் சனிக்கிழமையில பாதி அதுலதான் போகுது.

காத்து, ஈரப்பதம் எல்லாம் பாத்து, பயிற்சி எடுத்த ஆளுங்கதான் கொளுத்துவாங்க, பெரும்பாலும் வசந்தத்துலயும் இலையுதிர் கடைசியிலயும். எல்லா இடத்தையும் ஒரே வருஷம் கொளுத்த மாட்டாங்க, பூச்சிங்க தப்பிக்க இடம் வேணும்.

கரிசல்காட்டான், பைசன் விஷயம் சொல்லல. 2014 அக்டோபர்ல 30 உருப்படி கொண்டு வந்து விட்டாங்க, இப்ப மந்தை நூறு தாண்டும். வேலிக்குள்ள சுமார் 1,500 ஏக்கர், அதுக்குள்ள நாம போகக்கூடாது, வெளிய எங்க வேணா நடக்கலாம், டிக்கெட் கிடையாது. காலையில ஏழு மணிக்கு போங்க, ரோட்டுல இருந்தே பைனாகுலர் வச்சு மெதுவா ஓட்டிட்டே பாருங்க. டாய்லெட் வேலைய டிக்சன்லயே முடிச்சிடுங்க. பூ, விதை எதையும் பறிக்காதீங்க, இது அப்பாவுக்குத்தான், விவசாயிங்க கை சும்மா இருக்காது.


கரிசல்காட்டான் (நேப்பர்வில்)

போயிட்டு வந்துட்டோம்! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொபைல்ல அடிக்கிறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

காலையில அஞ்சரைக்கு கிளம்பி ஏழேகாலுக்கெல்லாம் போயாச்சு. அக்கா, அப்பா வேட்டிதான் கட்டுவேன்னு அடம், கடைசியில என் டிராக் பேன்ட்ட மாட்டி சாக்ஸுக்குள்ள சொருகி விட்டேன், "சர்க்கஸ்காரன் மாதிரி ஆக்கிட்ட"ன்னு வழி பூரா முனகல். பைசன் பாத்தோம்! வேலியோரம் ரோட்டுல மெதுவா போறப்ப அம்மாதான் மொதல்ல பாத்தாங்க, தூரத்துல பாறைன்னு நெனச்சது எந்திரிச்சு நடந்துச்சு. பதினஞ்சு இருபது இருக்கும், கன்னுக்குட்டியோட. அம்மாவோட மொத கேள்வி, "இத பால் கறப்பாங்களா?" ரெண்டாவது கேள்வி, "அப்புறம் எதுக்கு வளக்காங்க?" அப்பா, "எரு போடத்தான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. அப்புறம் நான் படிச்சு பாத்தா பாதி சரி, அது புல்லையே தேடித் தின்னு பூச்செடிய பெரும்பாலும் விட்டுடுமாம், அதனால பூவுக்கு இடம் கிடைக்குமாம், சாணி, புரண்டு படுக்குற பள்ளம் எல்லாமே கணக்குல சேருமாம்.

அம்மா கொட்டகை நிழல்ல உக்காந்துட்டாங்க, கூட புளிசாதமும் ஃபிளாஸ்க்ல காபியும். நானும் அப்பாவும் மேட்டுப் பக்கம் ஏறினோம். விதைப்பை, நீங்க சொன்ன மாதிரியே பிக் புளூஸ்டெம்ம பாத்த உடனே ஒரு தட்டைய வளைச்சு கணுவ நகத்தால கீறி, "இருங்குச்சோளம் போட்டுருக்கான்யா"ன்னாரு. என் தலைக்கு மேல ஒரு ஒன்றரை அடி நின்னுச்சு. காத்து அடிச்சா மொத்த மேடும் செவந்த நெறத்துல அப்படியே படுத்து எந்திரிக்குது. எனக்கு பேச்சே வரல, அப்பா மட்டும் "வெள்ளாமைன்னா இது வெள்ளாமை"ன்னு சொல்லிட்டே போறாரு.

அதுக்குள்ள ஒரு இடத்துல நின்னு மோந்து பாத்து, "யாரோ கொத்தமல்லி வறுக்காங்கல்ல"ன்னாரு. நான் சிரிச்சேன், ஆனா எனக்கும் வந்துச்சு அந்த வாசனை. குனிஞ்சு பாத்தா முட்டி உயரத்துக்கு மெல்லிசான புல்லு, நீரூத்து மாதிரி வளைஞ்சு குத்து குத்தா, மேல பொடிப்பொடியா கதிரு. ஆப்ல ஃபோட்டோ போட்டா பிரெய்ரி டிராப்சீடுன்னு வந்துச்சு. இன்னொரு செடி, பூ முடிஞ்சு காஞ்ச குண்டு மட்டும் நிக்குது, இலைய கசக்குனா அப்படியே ஓமவல்லி. அப்பா ரெண்டு இலைய வாயில போடப் போயிட்டாரு, கைய புடிச்சு நிறுத்துனேன். அது பெர்கமாட்டாம்.

இறங்கி ஓக் மரங்க பக்கம் வந்தோம். மரத்துக்கு மரம் தள்ளித் தள்ளி, நடுவுல வெளிச்சம், கீழ புல்லு. தலை முழுக்க ரத்தச் செவப்பா ஒரு மரங்கொத்தி ஓக் கொட்டைய கொண்டு போய் பட்ட மரத்து சந்துல சொருகுது, திரும்பப் போகுது, சொருகுது. அப்பா ஒரு மரத்துப் பட்டையில கைய வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு, அடியில கரி இருந்துச்சு. தீ வச்ச கதைய சொன்னேன். எங்க ஊர்ல பங்குனி சித்திரையில கட்டைப்புல்லுக்கு தீ வைப்பாங்களாம் அவரு சின்னப் பையனா இருந்தப்ப, எனக்கே தெரியாது.

மத்தியானம் கிராண்ட் டீட்டூர். பழைய கலப்பைய பாத்தாரு, கொழு பக்கத்த தடவ கை போச்சு, தொடக்கூடாதுன்னு சொன்னேன். வெளிய வந்து கார்ல ஏறுற வரைக்கும் ஒண்ணும் பேசல. ஐ-88 ஏறுனப்புறம், "இத செஞ்சவன் தப்பு பண்ணினான்னு சொல்ல முடியாதுல்ல. நானும் அதத்தான செஞ்சேன்"ன்னாரு. அப்புறம் தூங்கிட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா சாக்ஸ பாத்துட்டு ஒரே கூச்சல், "உண்ணி உண்ணி"ன்னு. அப்பாவோட ரெண்டு சாக்ஸ்லயும் டிராக் பேன்ட்லயும் பழுப்பா தட்டையா நூத்துக்கணக்குல ஒட்டியிருக்கு. பயந்தே போயிட்டேன், அதுக்குக் கால் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்தா எல்லாம் விதை. சின்னச் சின்ன முக்கோணமா, வெல்க்ரோ மாதிரி ஒட்டுது. நாயுருவி மாதிரின்னு அப்பா உக்காந்து ஒண்ணொண்ணா பிச்சு ஒரு தயிர் டப்பாவுல போட்டு வச்சிருக்காரு. நாம பறிக்கலதானே, இது திருட்டுல சேராதுல்ல? ஊருக்கு விதை கொண்டு போக முடியாதுன்னு சொல்லிட்டேன், அப்ப பால்கனிக்குக் கீழ இருக்க மூணடி இடத்துல போடுறேங்குறாரு. முளைக்குமா? எங்க டவுன்ஹவுஸ் அசோசியேஷன் புல்லு ஆறு இஞ்ச் தாண்டுனாலே லெட்டர் போடுவாங்க.


ஷாம்பர்க் சாம்பார்

ஐயோ கொத்தமல்லி வாசனையெல்லாம் நாங்க கவனிக்கவே இல்லையே. பசங்கள கூட்டிட்டு திரும்பப் போகணும் போல. ஜூலைல வேணாம்.


விதைப்பை

அது டிக் ட்ரெஃபாயில். டிக்னா உண்ணி, பேருலயே உண்ணி இருக்கு, அம்மா சொன்னதுல தப்பில்ல. உளுந்து, பயறு குடும்பம்தான், வேர்ல முடிச்சு கட்டி மண்ணுக்கு தழைச்சத்து குடுக்கும். காயி ஒவ்வொரு விதையா ஒடிஞ்சு மிருகத்து ரோமத்துல ஒட்டிட்டுப் போறதுக்குன்னே அப்படி இருக்கு, இந்தத் தடவ உங்க அப்பா கால் கிடைச்சுது, அவ்ளோதான். பொறுக்குனதா கணக்கு இல்ல.

மேல் தோலு கெட்டி, உப்புத்தாள்ல லேசா தேச்சு, நவம்பர்ல தரைய நல்லா செதுக்கிட்டு வெறும் மண்ணு மேல போட்டு காலால மிதிச்சு விடுங்க, அப்பா அதுக்குள்ள ஊருக்குப் போயிடுவாரு, நீங்கதான் செய்யணும். மொத வருஷம் ரெண்டு மூணு இலைக்கு மேல வராது, களைன்னு நெனச்சு யாரும் புடுங்கிடாம ஒரு குச்சி நட்டு வைங்க. நல்லா வந்தா நாலஞ்சு அடி போகும், ஜூலைல ஊதா ரோஸ்ல கொத்துக்கொத்தா பூக்கும். அசோசியேஷன்காரங்க கேட்டா பூச்செடின்னு சொல்லுங்க, பொய் இல்லையே.

அப்பா அக்டோபர் வரைக்கும் இருக்காருன்னா ஒரு சனிக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க. இண்டியன் கிராஸ்னு இன்னொரு பிரெய்ரி புல்லு, அதோட விதை உருவுற நேரம் அது. வாளி நான் தர்றேன்.


கரிசல்காட்டான் (நேப்பர்வில்)

இத அப்பாகிட்ட வாசிச்சு காட்டினேன். "கூலி எவ்வளவு"ன்னு கேக்குறாரு.


விதைப்பை

மத்தியானம் ஒரு சாண்ட்விச். புளிசாதம் கொண்டு வந்தா பங்கு பிரிச்சுக்கலாம்.